முடிவு தெரிந்த கதையை மறுபடியும் பார்ப்பது எப்படி: ஹிட்ச்காக்கின் ஆட்டுத்தொடை எபிசோடு

திரைப்பட இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரிலிருந்து ஒரே ஒரு எபிசோடை, அதன் முடிவை ஏற்கெனவே அறிந்தவர்கள் மறுபடியும் பார்ப்பதற்கான ஒரு வழிமுறையை இங்கே எழுதுகிறேன். அதை இதுவரை பார்க்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. இனி நான் எதையும் மறைத்து எழுதப்போவதில்லை. கதை தெரியாமல் பார்க்கும் அந்த இருபத்தைந்து நிமிடம் ஒருவருக்கு ஒரு தடவைதான் வாய்க்கும்.

'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்' என்ற அந்தத் தொடர் 1955 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவில் சி.பி.எஸ். அலைவரிசையில் தொடங்கியது. வாரம் ஒரு தனிக்கதை, ஒவ்வொன்றும் அரைமணி நேரம் என்று 1962 வரை 268 கதைகள் வந்தன. அதன் பிறகு ஒரு மணி நேர நிகழ்ச்சியாக நீண்டு 1965 வரை ஓடியது. எல்லாக் கதைகளுக்கும் முன்னும் பின்னும் ஹிட்ச்காக் தோன்றிப் பேசினாலும், அரைமணி நேரக் கதைகளில் அவரே இயக்கியவை 17 மட்டுமே. அந்தப் பதினேழில் ஒன்று, 1958 ஏப்ரல் 13 அன்று ஒளிபரப்பான 'லாம்ப் டு தி ஸ்லாட்டர்'. பிரிட்டிஷ் எழுத்தாளர் ரோல்ட் டால் 1953இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய சிறுகதையிலிருந்து டாலே திரைக்கதை அமைத்தார். மேரி மலோனி என்ற கர்ப்பிணியாகப் பார்பரா பெல் கெடஸ் நடித்தார். அதே 1958இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தில் நாயகனின் தோழியாக வந்தவரும் இவர்தான்.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திவிடுகிறேன். காவல்துறையில் பணியாற்றும் கணவன் வீட்டுக்கு வந்து, உன்னை விட்டுப் போகிறேன் என்கிறான். இரவு உணவுக்கென்று ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வந்த உறைந்த ஆட்டுத்தொடையால் அவள் அவன் தலையின் பின்புறத்தில் ஓங்கி அடிக்கிறாள். அவன் இறந்துவிடுகிறான். அவள் அந்த இறைச்சியை ஓவனில் வைத்துவிட்டு மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பி, காவலர்களை அழைக்கிறாள். கொலைக்கருவியை வீடு முழுவதும் தேடிக் களைத்துப்போன காவலர்களுக்கு அந்த இறைச்சியையே பரிமாறுகிறாள். அவர்கள் சாப்பிடும்போது, பக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அவள் சிரிக்கத் தொடங்குகிறாள்.

இப்படி நாலைந்து வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய கதையை ஏன் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இந்த எபிசோடை வெவ்வேறு ஆட்களோடு உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கதையின் வேறொரு பகுதிதான் மனத்தில் நின்றது. அந்த அனுபவத்திலிருந்தே இந்த முறையை வகுத்துக்கொண்டேன்.

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள். இது கறுப்பு வெள்ளையில், படச்சுருளில் எடுக்கப்பட்டது. படச் சட்டத்தின் அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதத்தில் உள்ளவை. இன்றைய அகலத் தொலைக்காட்சி, திரையை நிரப்புவதற்காக அதை இழுத்துக் காட்டினால் முகங்கள் பருத்துத் தெரியும், அல்லது மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும். எனவே இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவதே சரியான அமைப்பு என்று ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப அமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அசைவுகளை வழவழப்பாக்கிக் காட்டும் வசதி தொலைக்காட்சியில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். பழைய படத்தை அது நேற்று எடுத்த நாடகம்போல ஆக்கிவிடும். விளக்கை அணைத்து, இரவு உணவை முடித்துக்கொண்டு உட்காருங்கள். உணவை முன்பே முடித்துவிடுவதற்குக் காரணம் உண்டு: சாப்பாட்டுக் காட்சி வரும்போது உங்கள் கையில் தட்டு இருந்தால் கவனம் தட்டுக்கும் திரைக்கும் இடையே சிதறிவிடுகிறது.

தொடக்க இசையையும் ஹிட்ச்காக்கின் முன்னுரையையும் ஓட்டித் தள்ளிவிடாதீர்கள். கோட்டோவியமாக வரும் அந்தப் பக்கவாட்டு முகம் அவரே வரைந்தது. பின்னணியில் ஒலிப்பது ஷார்ல் குனோ என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒரு பொம்மையின் இறுதி ஊர்வலத்துக்கென எழுதிய இசை. சாவை விளையாட்டாகவும் விளையாட்டைச் சாவாகவும் காட்டும் அந்த இசை, அடுத்து வரப்போகும் கதையை எந்த மனநிலையில் பார்க்க வேண்டும் என்பதை முதல் நிமிடத்திலேயே அமைத்துக் கொடுத்துவிடுகிறது.

முதல் சுற்றில் எதையும் எழுதாதீர்கள், நிறுத்தாதீர்கள், பேசாதீர்கள். பார்த்து முடித்ததும், மறந்துபோயிருந்த காட்சிகள் எவை என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அனேகமாக எல்லோருக்கும் அடியும் சாப்பாடும் நினைவிருக்கும், நடுப்பகுதி நினைவிருக்காது. மறுபார்வையின் வேலை அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

இரண்டாம் சுற்றுக்கு முன் டாலின் சிறுகதையைப் படித்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். சிறுகதையில் கணவன் மேரியிடம் என்ன சொன்னான் என்பதை ஆசிரியர் வெளிப்படையாக எழுதவே இல்லை. அவன் சொன்னான், நாலைந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை என்கிற அளவோடு நகர்ந்துவிடுகிறார். வாசகர் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். திரையில் அப்படி முடியாது. இரண்டு நடிகர்கள் ஒரே அறையில் எதிரெதிரே நிற்கும்போது நாலு நிமிடப் பேச்சை மறைக்க வழியில்லை. ஆகவே எபிசோடில் அவன் வேறொரு பெண்ணை விரும்புவதையும் பிரிய நினைப்பதையும் வாய்விட்டே சொல்கிறான். இதனால் என்ன இழக்கிறோம், என்ன பெறுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் மேரியின் அதிர்ச்சி நமக்குள் நிகழ்கிறது. திரையில் அது பெல் கெடஸின் முகத்தில் நிகழ்வதை நாம் வெளியிலிருந்து காண்கிறோம். எழுத்து வடிவமே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட பிறகும் இரவு உணவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மேரியின் குரலை எழுத்தால் தர முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் சுற்றில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் நேரம். நடுவில் நமக்குத் தெரிந்தது. மூன்றாவதில் அறையில் இருக்கும் காவலர்களுக்குத் தெரிந்தது. காட்சி மாறும்போதெல்லாம் நிறுத்தி, ஒரு வரி எழுதுங்கள். கொலை பாதி வருவதற்கு முன்பே முடிந்துவிடுவதால், நடுப்பகுதி மளமளவென நிரம்பிவிடும். மூன்றாம் பகுதி கடைசி வரை வெறுமையாகவே கிடக்கும். அந்த வெறுமைதான் இந்த எபிசோடின் இயந்திரம்.

ஹிட்ச்காக் இதைத் தானே விளக்கியிருக்கிறார். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நடந்த நீண்ட உரையாடலில் அவர் சொன்ன மேசைக்கடியிலுள்ள வெடிகுண்டு என்ற எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதையும் அது வெடிக்கப்போகும் நேரத்தையும் முன்பே சொல்லிவிட்டு, மேசையில் இருப்பவர்களைச் சாதாரணமாகப் பேசவிட்டால் கிடைப்பது 15 நிமிடப் பதைப்பு. முடிவு தெரிந்த கதையை மறுபடியும் பார்க்க முடிவதற்கும் இதுவே காரணம்: அதிர்ச்சி ஒருமுறையோடு தீர்ந்துவிடும், பதைப்பு தீர்வதில்லை.

இந்த எபிசோடை அந்த எடுத்துக்காட்டோடு பொருத்திப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. வெடிகுண்டுக் கதையில் நேரம் நமக்கு எதிரி. ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தை அருகில் கொண்டுவருகிறது. இங்கே ஓவனுக்குள் இருக்கும் ஆட்டுத்தொடை, ஒவ்வொரு நிமிடமும் கொலைக்கருவி என்ற நிலையிலிருந்து விலகிச் சோற்றுக்குத் தொடுகறியாக மாறிக்கொண்டே போகிறது. எனவே நேரம் வேகமாகப் போகட்டும் என்று நாம் விரும்பத் தொடங்குகிறோம். காவலர்கள் இன்னும் கொஞ்சம் வீண் தேடல் தேடட்டும், அடுக்களைப் பக்கம் வரவேண்டாம், வந்தாலும் பசியோடு வரட்டும் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. ஒரு மனிதனைக் கொன்றவளுக்காக நாம் கவலைப்படுகிறோம். தாளில் நேரத்தைக் குறிக்கும்போது, உங்கள் மனம் அவள் பக்கம் சாய்ந்த விநாடி எது என்பதையும் உண்மையாகக் குறித்து வையுங்கள். ஒருவர் அடிப்பதற்கு முன்பே சாய்ந்திருப்பார். இன்னொருவர் அவள் கடைக்குப் போய்ச் சாதாரணமாகக் காய்கறி வாங்கும்போது சாய்வார். கடைசி வரை சாயாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பார்வையாளர்களோடு உட்காரும்போது ஒரு தடை வரும். அதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலையில் கறிக்கடைக்குப் போய், கண்ணெதிரே வெட்டிய வெள்ளாட்டுக் கறியில் ஒரு கிலோவைத் துண்டு போட்டு வாங்கி வந்து, மதியத்துக்குள் குழம்பாக்கிவிடும் வீட்டுக்காரர்களுக்கு, முழுத் தொடையொன்று மாதக்கணக்கில் உறைந்து கிடப்பது பழக்கமில்லாத செய்தி. என் அத்தை பழைய கடலூரிலிருந்து வந்து எங்களோடு இதைப் பார்த்தபோது, அடி விழுந்த உடனேயே கேட்டார்.

"ஏண்டா தம்பி, கறியால அடிச்சா மனுஷன் செத்துடுவானா?"

"அது ஃப்ரீஸர்ல இருந்த கறி அத்தே. முழுத்தொடை. கல்லு மாதிரி இருக்கும்."

இவ்வளவு சொன்னால் போதாது, படத்தை அங்கே நிறுத்தி விளக்கிவிடுவதே நல்லது என்று அப்போது கற்றுக்கொண்டேன். 1950களின் அமெரிக்க வீடுகளில் வாரக்கணக்கில் சாமான்களைச் சேர்த்து வைக்கும் பெரிய ஃப்ரீஸர் ஒரு வசதியாகப் பரவிக்கொண்டிருந்தது. செம்மறிக் குட்டியின் ஒரு பின்தொடை எலும்போடு இரண்டு மூன்று கிலோ இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அதற்குள்ளிருக்கும் நீரில் பெரும்பகுதி பனிக்கட்டியாகிவிடும். குறுகலான கணுக்கால் பக்கம் பிடிக்க வாகாக இருக்கும், மறுமுனை பருத்துக் கனமாக இருக்கும். அதாவது கைப்பிடியுள்ள ஓர் உலக்கை. வேக வைக்கும் கணக்கும் கதைக்கு வேண்டியதுதான். பனி விடாத தொடையை நேரே ஓவனில் வைத்தால், பனி விட்டதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் காவலர்கள் வீட்டுக்குள் சுற்றிவரும் நேரம்.

இதைச் சொல்லி முடித்துப் படத்தை மறுபடி ஓட விட்டதும், அத்தை தாமாகவே சொன்னார்: "அப்ப அவ அதைச் சமைச்சுப் போட்டுடுவா பாரு." நாள்தோறும் அடுப்படியில் நிற்கும் ஒருவர், திரையில் வரும் காவலர் எவரையும்விட முன்னதாகக் கருவி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த வீட்டில் தேடும் எல்லோரும் ஆண்கள் என்பதையும், எரிந்துகொண்டிருக்கும் ஓவனைப் பார்த்த பிறகும் அவர்களுக்கு அது சமையலாக மட்டுமே தெரிகிறது என்பதையும் அன்றுதான் நான் சரியாகக் கவனித்தேன். எனவே முடிந்தால் வீட்டில் சமைப்பவரோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள். அவரிடம் கதையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

தலைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டுவதற்குக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டி என்பது விவிலியத்தில் ஏசாயா 53ஆம் அதிகாரத்திலுள்ள உவமை. புதுச்சேரிச் சம்பா கோவிலிலும் மற்றக் கத்தோலிக்க ஆலயங்களிலும் பெரிய வெள்ளி வழிபாட்டில் அந்தப் பகுதி வாசிக்கப்படுவதால், இப்பக்கத்து மக்களில் பலர் அதைக் காதால் அறிந்தவர்கள். வாய் திறவாமல் துன்பத்தை ஏற்கும் குற்றமற்றவரைக் குறிக்கும் அந்தச் சொற்றொடரை டால் எடுத்து, யார் ஆடு, யார் வெட்டுபவர் என்ற கேள்வியாக மாற்றிவிட்டார். தொடக்கத்தில் எதிர்த்து ஒரு சொல்லும் பேசாத மேரிதான் ஆட்டுக்குட்டி. சற்று நேரத்தில் முதுகைக் காட்டி நிற்கும் கணவன் ஆடாகிறான். பிறகு உண்மையிலேயே ஓர் ஆட்டின் தொடை தட்டில் வருகிறது. தலைப்பைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தால், 'வெட்டப்போகும் ஆடு' என்று பொருள் மயங்கும்படியே சொல்வது பொருத்தம்.

மூன்றாம் சுற்று ஒலி இல்லாமல். இது சலிப்பாக இருக்கும் என்று எண்ணித் தவிர்த்துவிடாதீர்கள்; எனக்கு மிகவும் பிடித்த சுற்று இதுதான். இந்தத் தொடரின் அரைமணிக் கதைகளைப் பொதுவாக ஒரு நாள் ஒத்திகை, இரண்டு நாள் படப்பிடிப்பு என்ற அளவில் எடுத்து முடித்தார்கள். அந்த அவசரத்தில் ஆடம்பரமான காட்சியமைப்புக்கு இடமில்லை. ஒரு வீடு, சில அறைகள், ஒரு நடிகையின் முகம், இரண்டு கைகள். ஒலியை நிறுத்திவிட்டால் அந்தக் கைகள் பேசுவது தெரியும். கணவன் விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் நடையில் வரும் மாற்றம், அடித்த பின் அவள் அப்படியே நிற்கும் நேரம், காவலர்கள் முன் அவள் எங்கே பார்க்கிறாள், எங்கே பார்க்கத் தவிர்க்கிறாள் என்பவற்றை மட்டும் பாருங்கள். அடித்த பிறகு அவள் அசைவற்று நிற்பதைக் கைக்கடிகாரத்தால் அளந்து பார்க்கச் சொல்வேன். நினைவில் இருந்ததைவிட அது வேறாக இருக்கும்.

அதே சுற்றில், திரை முழுவதும் கறுப்பாகி மீளும் இடங்களையும் குறித்துக்கொள்ளலாம். அவை விளம்பர இடைவேளைக்காக விடப்பட்டவை. ஒவ்வொரு இருட்டுக்கும் சற்று முன் பார்வையாளரைப் பிடித்து நிறுத்தும் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். திரைக்கதை எழுதக் கற்கும் இளைஞர்களுக்கு இது நல்ல பாடம்.

கடைசியில் ஹிட்ச்காக் மறுபடி வந்து பேசும் பின்னுரைக்குத் தனிக் கவனம் கொடுங்கள். குற்றம் செய்தவர் தப்பித்துக்கொண்டதாகக் கதை முடிவதை அந்தக் காலத் தொலைக்காட்சி ஏற்றுக்கொள்ளவில்லை; அதனால் கதைக்குள் தப்பிய பலரையும் அவர் பின்னுரையில் ஒரு வாக்கியத்தில் பிடித்துக் கொடுத்துவிடுவார். மேரியும் இரண்டாவது கணவனை இதே முறையில் கொல்ல முயன்று மாட்டிக்கொண்டாள் என்கிறார். அந்தக் கணவன் மறதிக்காரன், ஃப்ரீஸரை மின்இணைப்பில் சொருக மறந்துவிட்டான், இறைச்சி கொழகொழவென்று இருந்ததாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்த பிறகு, நாட்கணக்கில், பல கிராமங்களில் வாரக்கணக்கில், மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். மின்சாரம் இல்லாத குளிர்பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வரியை என் அத்தை உடனே புரிந்துகொண்டார்.

இருந்தாலும் அந்தப் பின்னுரையைக் கதையின் முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை. தணிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட வார்த்தை அது. கதை மேரியின் சிரிப்போடு முடிந்துவிடுகிறது. அதனால் ஒரு சுற்றிலாவது, சிரிப்பு முடிந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டு, ஹிட்ச்காக் வருவதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள்.

அதன் பிறகு அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் இருமுறை ஓட்டிப் பாருங்கள்: முதலில் ஒலியோடு, பிறகு ஒலி இல்லாமல். இப்படிச் செய்யத் தோன்றியது அத்தையால்தான். கேமரா மேரியின் முகத்தை நெருங்கும்போது அவர், "அவ சிரிக்கலடா தம்பி. எனக்கு அழற மாதிரிதான் தெரியுது" என்றார். நான் மறுத்தேன், சிறுகதையிலும் சிரிப்பு என்றுதான் இருக்கிறது என்றேன். அவர் சென்ற பிறகு ஒலியை நிறுத்திவிட்டு அந்த விநாடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் தாளில் அந்த நேரத்துக்கு எதிரே என்ன எழுதுவீர்களோ, அதைக் கூட இருப்பவரிடம் காட்டாமல் எழுதிவிட்டு, பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.